வீட்டு நெட்வொர்க்: கோபம் நீக்காத பதிப்பு

1

"ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டைக் குடு."

அந்த வீட்டில் அவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புதுச் செருப்பு கேட்கலாம், தலைவலி மாத்திரை கேட்கலாம், என்னை ஏன் பெத்தே என்றுகூடக் கேட்கலாம்; அம்மா சளைக்காமல் பதில் சொல்லுவாள். அண்ணனிடம் பாஸ்வேர்டை மட்டும் கேட்கக் கூடாது. "போனைக் குடுத்தா அவனே போட்டுத் தர்றான்ல? அப்புறம் எதுக்கு வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அதைத்தான் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள்.

கதை இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. பெண்களுக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர், வீட்டு நெட்வொர்க் பற்றி அடிப்படைச் சொற்களை விளக்கி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "வீட்ல இருக்கிற பொம்பளைங்களுக்கும் புரியிற மாதிரி எளிமையா இருக்கட்டும்மா. உன் வழக்கமான கோபம் வேண்டாம்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து முதல் வரியை எழுதினேன்:

ரவுட்டர் என்பது வீட்டுக்குள் வரும் இணையத்தை எல்லாக் கருவிகளுக்கும் சமமாகப் பங்கிட்டு

அதற்குமேல் கை ஓடவில்லை. "சமமாக" என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டில் சார்? வரியை அடித்தேன். அடித்த இடத்திலிருந்து இவள் எழுந்து வந்தாள்.

2

கட்டுரையில் உருப்படியாகத் தேறியவை இவ்வளவுதான். கதைக்கு வேண்டியிருப்பதால் இங்கே வைக்கிறேன்.

மோடம்: தெருவிலிருந்து வரும் கம்பியின் பேச்சை வீட்டுக்குப் புரியும் பேச்சாக மாற்றித் தருவது.

ரவுட்டர்: அப்படி வந்ததைப் போன், டிவி, லேப்டாப் என்று ஒவ்வொன்றுக்கும் பிரித்து அனுப்புவது. இப்போதெல்லாம் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்கின்றன.

வைஃபை: அந்தப் பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவே கம்பியில்லாத் தொடர்பு. அவ்வளவுதான். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. போன் திரையில் வைஃபை கோடு முழுசாக நின்றுகொண்டிருக்கும்போதே இன்டர்நெட் பொட்டுக்கூட வராமல் இருக்கலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

(இந்தக் கடைசி வரியை ஆசிரியர் வெட்டுவார். எனக்குத் தெரியும்.)

இனி வீடு. கீழே அண்ணனின் டயர் கடை, மேலே குடித்தனம். மாடிப்படி திரும்பும் இடத்தில், கரண்டு மீட்டருக்கு மேலே அடித்த பலகையில் பெட்டி. கடைக்கும் வீட்டுக்கும் அது ஒன்றே. அதன் மேல் விரல் படக் கூடாது என்பது சட்டம். தூசி தட்டக்கூட யாரும் தொடுவதில்லை.

மாதம் பிறந்தால் அண்ணன் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவான். கேட்டால், "பக்கத்துக் கடைக்காரன் திருடிருவான்" என்பான். அன்றைக்குக் காலையில் எல்லாருடைய போனும் செத்துக் கிடக்கும். ஒவ்வொருவராகப் போய் நீட்ட வேண்டும். டயர்க் கறுப்பு ஏறிய இடது உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் தட்டித் தருவான். அப்பாவும் நிற்பார். லாரி ஓட்டிய மனிதர். மலைப்பாதையில் எதிரே வருகிறவனைப் பின்வாங்க வைத்த குரல் அவருக்கு. மகன் முன்னால் போனை நீட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி நிற்பார்.

அப்பாவை அப்படி நிற்க வைத்ததற்காகவே இந்தக் கதையை எழுதலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். ஆனால் இது அப்பாவின் கதை இல்லை.

3

இவள் கதை இது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் பேரே "பட்டதாரி". அம்மா சொன்னால் அதில் பெருமை இருக்கும். அண்ணன் சொன்னால் என்ன இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்களின் கோளாறைப் போனிலேயே கேட்டுத் தீர்த்துவைக்கும் வேலை. விண்ணப்பித்தாள். வீடியோவில் நேர்காணல். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இந்த வேலை உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

"எனக்கு இந்த வேலை எதுக்குன்னா,

அறுந்துவிட்டது. திரையில், கேள்வி கேட்ட அம்மாளின் முகம் பாதி இமை மூடியபடி உறைந்து நின்றது. (வாக்கியத்தை நான் முடித்து வைக்கட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம். அறுந்த இடம் தெரியட்டும்.)

இப்படி அறுவது முதல் தடவை இல்லை. "உன் ரூம்ல சிக்னல் கெடையாதுடி" என்றாள் அம்மா, வழக்கம்போல. "லேப்டாப் ஓட்டை" என்றார் அப்பா. இரண்டையும் அவள் ரொம்ப நாளாக நம்பியிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்த ஒரே இடம் இதுதான். ஒரு சுவரையும் ஒரு லேப்டாப்பையும் இத்தனை நாள் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஒரு மனுஷனைச் சந்தேகப்படவில்லை.

அன்றைக்குச் சந்தேகப்பட்டாள். லேப்டாப்பில் வைஃபை கோடு முழுசாக இருந்தது. ரவுட்டருக்கு பிங்* அனுப்பினாள். பதில் சட்டென்று வந்தது. வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பினாள். பதில் இல்லை. சரி, கம்பி அறுந்திருக்கும் என்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் டிவியில், அதே இன்டர்நெட்டில், ஒருவன் அருவியில் குதித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் போனை வாங்கிவந்து லேப்டாப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தாள். தையல் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது.

ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே பெட்டி. இவளுக்கு மட்டும் இல்லை.

* பிங்: ஒரு கருவி இன்னொன்றைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது. "இருக்கேன்" என்று பதில் வந்தால் அதுவரைக்கும் வழி சரி. இல்லாவிட்டால் அதற்கப்புறம் எங்கேயோ அடைப்பு.

கருவிகளுக்கு ஐபி முகவரி என்று ஒன்று உண்டு. அது ரவுட்டர் கொடுப்பது. விடுதியில் அறை எண் தருகிற மாதிரி இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. மேக் முகவரி என்று இன்னொன்று, தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது. அதைப் பார்த்து "இதை மட்டும் வெளியே விடாதே" என்று ரவுட்டரிடம் சொல்லிவைக்கலாம். யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ.

அம்மாவின் போனிலிருந்தே கம்பெனிக்கு எழுதினாள். இணைப்பு போய்விட்டது, இன்னொரு வாய்ப்பு தாருங்கள் என்று. நாளை மறுநாள் காலை, இதுதான் கடைசி என்று பதில் வந்தது. இதுவும் அறுந்தால் வேலை போயிற்று.

அன்றைக்கு மத்தியானம்தான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

4

"ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டைக் குடு."

அம்மாவின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அண்ணன் மென்றதை விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"என்ன பட்டதாரியம்மா, திடீர்னு?"

"என் லேப்டாப்பை நீதானே பிளாக் பண்ணினே?"

"ஆமா. பண்ணேன்." கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை. "கடையைக் கொஞ்சம் பாத்துக்கோன்னு கீழேருந்து கூப்பிட்டேன். வந்தியா? நெட்டை நிறுத்தினா தன்னால இறங்கி வருவேன்னு நெனச்சேன்."

"எனக்கு இன்டர்வியூண்ணா! முந்தின நாளே சொன்னேனே!"

"சொன்னே. கேக்கலையே."

"கேக்கணுமா?"

"கேட்டா என்ன குறைஞ்சு போயிருவே? இந்த வீட்ல யாருக்கு நான் இல்லேன்னு சொல்லியிருக்கேன்? அப்பா கேக்குறார், அம்மா கேக்குறா. உனக்கு மட்டும் வாயில கொழுக்கட்டை."

"டேய், விடுடா. சாப்பிடுற நேரத்துல" என்றாள் அம்மா.

"இரும்மா. சரி, இப்பக் கேக்குறேன். பாஸ்வேர்டைக் குடு."

"அதான் மாசாமாசம் போட்டுத் தர்றேனே."

"அது வைஃபையில சேர்றதுக்கு. நான் கேக்குறது ரவுட்டருக்குள்ள போறதுக்கு."

அண்ணன் சிரித்தான். "எத்தனை பாஸ்வேர்டுடி இருக்கு ஒரு பெட்டிக்கு?"

அவள் கை தட்டில் அப்படியே நின்றது.

"அப்ப நீ எப்படிப் பிளாக் பண்றே?"

"நெட்டு மாட்ட வந்தவன் என் போன்ல ஒரு பக்கத்தை வெச்சுக் குடுத்துட்டுப் போனான். தொட்டாத் திறக்கும். வேற எவன் போன்லயும் திறக்காது. ஓனரு போன்ல மட்டும்தான் திறக்கும்."

"ஓ."

"என்ன ஓ?"

"ஒண்ணுமில்லண்ணா. தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு."

5

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். சிரிக்க வேண்டும்.

வாசகர் யாராவது அண்ணனைப் போலவே நினைத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். பாஸ்வேர்டு இரண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று அட்மின் பாஸ்வேர்டு. ரவுட்டரின் சொந்தப் பக்கத்துக்குள் நுழைந்து யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று மாற்றுவதற்கு. முதலாவதை அண்ணன் உள்ளங்கையால் மூடி மூடிக் காத்தான். இரண்டாவது ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. இணைப்பு மாட்ட வந்தவர் அதை அவன் போனில் சேமித்துவைத்துவிட்டுப் போனார், அதனால் கேட்காமலே திறந்தது. தன்னுடைய போன் என்பதால் திறக்கிறது என்று இவன் நம்பினான்.

வாசல் கதவுக்கு மாதம் ஒரு பூட்டு மாற்றிக்கொண்டே, கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறான். அது மட்டுமா, தான் கைவைத்ததால்தான் கதவு திறக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்து, அவள்மேல் கை ஓங்க வைத்தேன். எழுத எழுத ஆறுதலாக இருந்தது. பிறகு படித்தால், அது அவனில்லை. கல்லூரிக்கு முதல் நாள் இவளை வண்டியில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். வாசலில் நின்று, இவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். கெட்டவன் இல்லை. கேட்க வைப்பது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கெட்டவனாக இருந்திருந்தால் எதிர்ப்பது எத்தனை சுலபம்!

மீசையை எடுத்துவிட்டேன். கோபத்தை எடுக்கவில்லை.

6

மறுநாள் காலை. கீழே அண்ணன் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும் சத்தம். அவள் லேப்டாப்பை அக்குளில் இடுக்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தாள். ஸ்டூல் ஒரு கால் ஆடும்.

"பெட்டியையா தொடப் போறே?"

அப்பா. கூடத்து வாசலில் நின்றார்.

"ஆமாப்பா."

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்றுதான் நான் எழுதினேன். அவள்கூட அப்படித்தான் எதிர்பார்த்தாள். அவர் வந்து, குனிந்து, ஆடும் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறு."

பெட்டியைத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் தூசி அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தாள். ரவுட்டரின் முகவரி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்குவது. கீழே பயனர் பெயர். அதற்குக் கீழே, தொழிற்சாலையிலேயே அச்சடித்த பாஸ்வேர்டு. இதுவரை யாருமே மாற்றாமல் விட்டிருந்தால் இதுதான்.

அவள் லேப்டாப்புக்கு வெளியே போகத்தான் தடை. ரவுட்டர்வரை போகத் தடையில்லை. பலகையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்து முகவரியைத் தட்டினாள். சீட்டில் இருந்ததைப் போட்டாள்.

திறந்துகொண்டது.

திருட்டு இல்லை, மாயம் இல்லை, பத்துப் பேர் சேர்ந்து போட்ட திட்டம் இல்லை. படிக்கத் தெரிந்த ஒருத்தி ஸ்டூல் மேல் ஏறினாள். அவ்வளவுதான்! வீட்டிலிருந்த கருவிகளெல்லாம் வரிசையாக வந்தன: கடை, அப்பா டிவி, அம்மா போன். "பட்டதாரி" என்ற பேருக்கு எதிரே ஒரு சிவப்பு வட்டம். அதைத் தொட்டாள். பச்சையானது.

இனிமேல் என்ன? மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அண்ணனின் போனுக்கு எதிரே சிவப்பு வட்டம் வைக்கிறாள். கீழே அவன் "நெட்டு போச்சே, நெட்டு போச்சே" என்று அலறுகிறான். இவள் மாடியிலிருந்து, "கேளு, தர்றேன்" என்கிறாள். இதை எழுதும்போது நான் கத்திச் சிரித்தேன். அடுத்த வரி எழுத வரவில்லை. அடுத்த மாதம் அப்பா யாரிடம் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்? இவளிடம்.

இரண்டாவது: பெட்டியின் பின்னால் குட்டித் துளை இருக்கும். ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்தால் இணைப்பு விவரம் உட்பட எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். அழுத்துகிறாள். வீடே இருண்ட மாதிரி அழகான ஒரு வரிகூட எழுதினேன். அது சரி, மறுநாள் நேர்காணலை யார் பார்ப்பது?

மூன்றாவது: தடையை எடுத்ததை யாருக்கும் சொல்லாமல் நேர்காணலை முடித்துவிட்டு, மறுபடி சிவப்பை வைத்துவிடுகிறாள். ஊமைக்கொட்டான் வழி. காலங்காலமாக நமக்குச் சொல்லித்தரும் வழி. இதை எழுதக்கூட இல்லை.

ஸ்டூல்மேல் நின்றபடியே, அவளே நாலாவது ஒன்றைச் செய்தாள். "அம்மா, இங்க வா" என்றாள்.

7

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்துவந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா.

"பழைய பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்மா, பெட்டியிலயே எழுதியிருக்கு. புதுசு போடணும். நீ போடு."

"உன் அண்ணன் என்ன சொல்லுவான்?"

"நீ என்ன சொல்றே?"

முதல் பிரதியில் அம்மா இந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த அம்மாவை எழுதினாலும் என் கை தானாக முந்தானைக்குப் போய்விடுகிறது. அடித்துவிட்டேன். அம்மா நடந்துகொண்டது இப்படி: லேப்டாப்பை மடியில் வாங்கினாள். யாரை எப்போது நிறுத்தலாம், எப்படித் திறக்கலாம் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். ஊசிக்கண்ணில் நூல் கோக்கிறவள். சொன்னது சொன்னபடி பிடித்துக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"திரும்பிக்கோ."

"என்னது?"

"அந்தப் பக்கம் திரும்பிக்கோடி. பாஸ்வேர்டு போடப் போறேன்ல?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிற சத்தம். பாதியில் நிறுத்தி, அழித்து, மறுபடி தட்டுகிற சத்தம். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அவர் சிரித்து ரொம்ப காலம் ஆயிற்று.

என்ன பாஸ்வேர்டு என்று எனக்கும் தெரியாது. கதையை எழுதுகிறவள் நான், கேட்டுப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் அண்ணன் படியேறி வந்தான். "என்னமோ புதுசாக் கேக்குது, என் போன்ல பக்கம் திறக்கல."

"என்ன வேணும்னு சொல்லு. நான் பண்ணித் தர்றேன்" என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமலே.

"நீயா?"

"ஏன், எனக்கு விரல் இல்லையா? வைஃபை பாஸ்வேர்டை இனிமே மாசாமாசம் மாத்த வேண்டாம். அந்தக் கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். அப்பாவும் பாத்துப் போட்டுக்கட்டும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவே இருக்கும்போது நமக்கென்ன என்று பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

8

நேர்காணல் அறுந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை. அந்த அம்மாளுக்குப் பழைய கேள்வி மறந்துபோயிருந்தது. வேறு கேட்டார்கள்.

"ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, நெட் வரலைன்னு கத்துறார். முதல்ல என்ன கேப்பீங்க?"

எல்லாரும் சொல்லும் பதில், பெட்டியை அணைத்துவிட்டுப் போடச் சொல்லுவது. கேட்கிறவர்களும் அதையே எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

"வீட்ல வேற யாருக்காவது வருதான்னு கேப்பேன்" என்றாள்.

"வருதுன்னு சொன்னா?"

"கம்பியில கோளாறு இல்லை. அவங்க ரூம்ல, அவங்க மேஜையிலயே வேற போனை வெச்சுப் பாக்கச் சொல்லுவேன். அதுலயும் வந்தா, சிக்னல்ல கோளாறு இல்லை."

"அப்புறம்?"

"ஒருத்தருக்கு மட்டும் வரலைன்னா, பெட்டியைத் திட்டாதீங்க, பெட்டி யார் கையில இருக்குன்னு பாருங்கன்னு சொல்லுவேன்."

திரை மறுபடி உறைந்துவிட்டதோ என்று அவளுக்குத் திக்கென்றது. உறையவில்லை. அந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்லயும் பாக்கணும்" என்றாள்.

9

வேலை கிடைத்துவிட்டது.

இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கிடைத்துவிட்டது! அம்மா மிஷினை நிறுத்தினாள், அப்பா டிவியை நிறுத்தினார். அண்ணன் கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் குளிர்பானம் வாங்கிக்கொடுத்து, "என் தங்கச்சி" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். அதுவும் பொய்யில்லை.

ஆனால் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்களா, வெளியூர் அலுவலகத்துக்கு வருகிறீர்களா? வந்தால் பெண்கள் விடுதியில் இடம் உண்டு.

"வீட்லேருந்தே பண்ணு" என்றான் அண்ணன். "உனக்குத் தனி லைனே இழுத்துத் தர்றேன். உன் ரூமுக்குள்ளயே பெட்டி. எந்தப் பாஸ்வேர்டா இருந்தாலும் உன் கையிலயே வெச்சுக்கோ. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

மனசாரத்தான் சொன்னான். கட்டுரையாக இருந்தால் இதோடு முடித்திருப்பேன். ஆசிரியருக்கும் பிடித்திருக்கும்: குடும்பம் ஒன்றாயிற்று, பெட்டி இரண்டாயிற்று, எல்லாருக்கும் வேகம். நானே சற்று மயங்கினேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தாள்.

"ஆபீஸுன்னு நேத்தே எழுதி அனுப்பிட்டேண்ணா."

"நேத்தேவா?"

"ஆமா. திங்கக்கிழமை சேரணும். இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

பை ஏற்கெனவே கட்டியிருந்தது. எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் அறைப்பக்கம் போகாத நேரத்தில் கட்டியிருக்கிறாள்.

"அவ்வளவு தூரம் தனியாப் போய் என்னடி பண்ணப் போறே?" என்றான் அண்ணன். அதில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

"வேலைண்ணா."

அம்மா நெற்றியை ஒருமுறை தடவிவிட்டாள். அப்பா பையைத் தூக்க வந்தார், அவள் கொடுக்கவில்லை.

ஆசிரியருக்கு இதை அனுப்பப் போகிறேன். "முடிவு எங்கேம்மா?" என்று கேட்பார். விடுதி எப்படி இருந்தது, வேலை பிடித்ததா, ஒருநாள் அண்ணன் கூப்பிட்டுக் கோளாறு சொன்னால் எடுத்துப் பேசினாளா என்றெல்லாம் உங்களுக்கும் கேட்கத் தோன்றும். எழுதிக்கொள்ளுங்கள். பேனா உங்களிடமும் இருக்கிறது. யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். என்னால் ஆனது, கடைசியாக ஒரு காட்சிக்கு முயற்சி செய்தேன்: டயர் அடுக்குகளைத் தாண்டித் தெருவில் இறங்குகிறாள், மாடி ஜன்னலில் மூன்று தலைகள், அவள் ஒரே ஒரு தடவை திரும்பி

முனை தாண்டிப் போய்விட்டாள்.